ஆரம்ப சூரத்தனத்துக்கு அப்புறம்: குறிக்கோள் வைப்பது, அதைத் தொடர்வது பற்றி நம்மவர்கள் அடிக்கடி கேட்பவை

வார இறுதிகளில் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில், வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கும் பெரியவர்களுக்குத் தொண்டூழியராக உதவுகிறேன். ஒன்பது வருடமாகிறது. ஆங்கிலப் பயிற்சிக்கு என்றுதான் வருவார்கள். பாடம் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்: "அக்கா, எல்லாம் ஆரம்பிக்கிறேன், எதையும் தொடர முடியவில்லை." அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொல்லி வரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆசைக்கும் குறிக்கோளுக்கும் என்ன வித்தியாசம்?

"ஆங்கிலம் நன்றாகப் பேச வேண்டும்" என்பது ஆசை. "தீபாவளிக்குள் மேலதிகாரியிடம் யார் துணையும் இல்லாமல் ஐந்து நிமிடம் வேலையைப் பற்றிப் பேசிவிடுவேன்" என்பது குறிக்கோள். இரண்டாவதில் ஒரு நாள் இருக்கிறது. நடந்ததா இல்லையா என்று தீபாவளியன்று தெரிந்துவிடும்.

எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்கள். "உன்னால் முடிந்ததைச் செய்" என்று சொல்லப்பட்டவர்களைவிட, திட்டவட்டமான, கொஞ்சம் கடினமான இலக்கு கொடுக்கப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்கிறார்கள் என்பது அவர்களுடைய முக்கியமான முடிவு. ஆனால் அதோடு அவர்கள் சொன்ன இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேலை நமக்குப் புதிதாக, சிக்கலாக இருந்தால், மதிப்பெண்ணையோ எண்ணிக்கையையோ இலக்காக வைப்பது தடுமாற வைக்கும். அப்போது "இதை எப்படிச் செய்வது என்று மூன்று வழி கற்றுக்கொள்வேன்" என்பது போன்ற கற்றல் இலக்குதான் உதவும். முதல் முறை கணினி தொடுகிறவர் "ஒரு மாதத்தில் எக்செல் சான்றிதழ்" என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது வாரமே வருவதை நிறுத்திவிடுகிறார். பார்த்திருக்கிறேன்.

குறிக்கோளை எழுதி வைத்தாலே பாதி வெற்றி என்கிறார்களே? ஏல் பல்கலைக்கழக ஆய்வுகூட இருக்கிறதாமே?

அந்தக் கதையை நானும் ஒரு பயிற்சிப் பட்டறையில் கேட்டேன். 1953ஆம் ஆண்டு ஏல் மாணவர்களில் 3 விழுக்காட்டினர்தான் குறிக்கோளை எழுதி வைத்தார்களாம், இருபது வருடம் கழித்து மற்ற 97 விழுக்காட்டினரின் மொத்தச் சொத்தைவிட அவர்களுடைய சொத்து அதிகமாம். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. தேடிப் பார்த்தவர்களுக்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. எழுதி வைப்பது நல்லதுதான், மறக்காமல் இருக்கும். அதற்கு மேல் அந்தத் தாளிடம் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு வாரம் உற்சாகமாகச் செய்கிறேன். அப்புறம் வடிந்துவிடுகிறது. என்னிடம் என்ன குறை?

இதற்கு நம்மிடம் 'ஆரம்ப சூரத்தனம்' என்று பெயரே இருக்கிறது. ஆனால் அதைக் குணக்கேடாக நான் பார்ப்பதில்லை. உற்சாகம் காய்ச்சல் மாதிரி வரும், போகும். அது இருக்கிற இரண்டு வாரத்தில், அது போன பிறகும் வேலை நடக்கும்படி ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலானோர் அந்த இரண்டு வாரத்தையும் உழைப்பிலேயே செலவழித்துவிடுகிறார்கள். ஏற்பாட்டுக்கு நேரம் ஒதுக்குவதில்லை.

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் நான் சொல்வது உடனே புரியும். என் அண்ணன் பதினொரு வருடம் எடுத்தார். மற்ற நாட்களில் அலாரத்தை மூன்று முறை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பவர் அவர். ஆனால் ஒரு மண்டலம், 48 நாள், விரதம் என்று ஆரம்பித்தால் ஒரு நாள்கூடத் தவறாது. எப்படி என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன்.

முதலில், முடிகிற நாள் அவர் கையில் இல்லை, பஞ்சாங்கத்தில் இருக்கிறது. 1968இலிருந்து இங்கே தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை கிடையாது என்பதால், முன்கூட்டியே விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருப்பார். அண்ணி மீன் சட்டியைத் தேய்த்துக் கழுவி, பழைய துண்டில் சுற்றி, அலமாரி உச்சியில் ஏற்றிவிடுவார். வீட்டில் எல்லாருக்கும் சைவம். அண்ணனுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். வேலையிடத்தில் அவருடைய சீன நண்பர் மதிய உணவுக்குப் போகும்போது அவருக்காக சைவ மீஹூன் விற்கும் கடையைத் தேடிப் போவார். காலையில் கண் விழித்து, "இன்றைக்கு விரதம் இருக்கலாமா, விட்டுவிடலாமா?" என்று அண்ணன் ஒரு நாளும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்ததில்லை. சுற்றியிருந்த எல்லாமே அதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டன. பக்தி பெரிது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பக்திக்கும் ஒரு மீன் சட்டியை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் குறிக்கோளுக்கும் இதையே கேளுங்கள். முடிகிற நாள் எது? வீட்டில் யாருக்குத் தெரியும்? கண்ணில் படாமல் எடுத்து வைக்க வேண்டிய சட்டி எது?

எங்களிடம் படிக்கும் ஓர் அக்கா துப்புரவு மேற்பார்வையாளர். சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி பலதுறை மருந்தகத்தில் மூன்று முறை சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு காலையும் மனத்தோடு போராடினார், தோற்றார். அப்புறம் ஒரு நாள் காப்பிக்கடைக்காரரிடம் போய், "அங்கிள், இனிமேல் நான் என்ன கேட்டாலும் கோப்பி ஓ கோசோங் மட்டும் கொடுங்கள்" என்று சொன்னார். இப்போது அவர் வரிசையில் மூன்றாவதாக நிற்கும்போதே அங்கிள் பாலும் சீனியும் இல்லாமல் ஊற்ற ஆரம்பித்துவிடுகிறார். போராட்டம் அந்த ஒரு நாளோடு முடிந்தது.

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதுமா?

21 நாள் கணக்கு ஓர் அமெரிக்க ஒட்டறுவைச் சிகிச்சை மருத்துவர் 1960இல் எழுதியதிலிருந்து பரவியது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழக ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். அதற்கும் நீங்கள் தினமும் மெதுவோட்டம் ஓடுவதற்கும் சம்பந்தம் குறைவு.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், காலைக் காப்பிக்குப் பிறகு கொஞ்சம் உடற்பயிற்சி என்பது போன்ற சின்னப் பழக்கங்கள். யோசிக்காமல் செய்கிற நிலைக்கு வர ஆன காலம், நடுமட்டமாக 66 நாள். சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொரு முடிவு: இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை. "ஒரு நாள் விட்டுவிட்டேன் அக்கா, எல்லாம் போச்சு" என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எதுவும் போகவில்லை. நாளைக்கு வாங்க.

எனக்கு நேரமே இல்லை. காலை ஐந்தரைக்கு லாரி, இரவு எட்டுக்கு விடுதி, அறையில் பன்னிரண்டு பேர். எங்கே படிப்பது?

தம்பி, உங்களிடம் "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் நாள் உங்கள் கையில் இல்லை. சோறு பொங்கி, துணி துவைத்து, ஊருக்குப் பேசிவிட்டுப் படுக்கும்போது பத்தரை. அதற்கு மேல் ஒரு மணி நேரம் படி என்று சொல்பவர் அந்த வேலையைச் செய்து பார்த்தவராக இருக்க முடியாது. அதனால் நேரத்தைத் தேடாதீர்கள். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றோடு ஒட்ட வையுங்கள்.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். உள்ளங்கை அளவு நோட்டு, மழையிலும் வியர்வையிலும் நனையாதபடி சீனிப் பையில் மடித்து, சட்டைப் பையில் வைத்திருப்பார். தினமும் காலையில் வேலையிடத்தில் டூல்பாக்ஸ் மீட்டிங் என்று பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும் கூட்டம் நடக்கும் இல்லையா, அதில் காதில் விழுந்த மூன்று ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். 'ஹார்னஸ்', 'எட்ஜ்', 'பேரிகேட்'. மாலை லாரியில் பக்கத்தில் இருப்பவரிடம் அர்த்தம் கேட்பார். தெரியாதவற்றை ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் கொண்டு வருவார். முதல் நோட்டு முடிய ஏழு மாதம் ஆனது. இரண்டாவது நோட்டில் சொற்களுக்குப் பதிலாக முழு வாக்கியங்கள் இருந்தன. அந்த மாற்றத்தை அவர் திட்டமிடவில்லை, தானாக வந்தது.

இதற்கு ஆராய்ச்சியிலும் இடம் இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர், "இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்வதன் பலனைப் பலமுறை சோதித்தார். ஒரு சோதனையில் மாணவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். எங்கே, எப்போது எழுதுவோம் என்று முன்பே குறித்தவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சொன்ன நேரத்தில் முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். எல்லாருமே எழுத விரும்பியவர்கள். இடமும் நேரமும் முன்பே முடிவானதில்தான் வித்தியாசம்.

ஒரு நாளைக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பாதிகூட முடிவதில்லை.

அந்த 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றுக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். எண் அழகாக இருந்தது, உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நீங்கள் இப்போது 4,000 நடக்கிறீர்கள் என்றால் உங்கள் அடுத்த இலக்கு 5,000. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்தி 365 செயலி உங்கள் கணக்கை வைத்துக்கொள்ளும், புள்ளியும் கொடுக்கும். வேலை முடிந்து இரண்டு நிறுத்தம் முன்னால் பேருந்தை விட்டு இறங்கினாலே அந்த ஆயிரம் வந்துவிடும்.

தேசிய சேவை செய்யும் தம்பிகள் ஐபிபிடி என்ற உடலுறுதிச் சோதனை பற்றிக் கேட்பார்கள். அவர்களுக்கும் இதே கணக்குத்தான். தங்கத்துக்கு 85 புள்ளி என்று மனப்பாடம் செய்வதைவிட, 2.4 கிலோமீட்டர் ஓட்டம், தண்டால், சிட்-அப் மூன்றில் எதில் சுலபமாக ஐந்து புள்ளி கூடும் என்று பார்த்து அதில் இருந்து ஆரம்பிக்கலாம்.

நாற்பது வயதுக்கு மேல் படிக்க ஆரம்பித்தால் முடிக்க முடியுமா?

முடியும். நான் முடித்தேன், இரண்டாவது முயற்சியில்.

41 வயதில் ஒரு பகுதிநேர டிப்ளோமாவில் சேர்ந்தேன். வாரத்தில் இரண்டு மாலை வகுப்பு. வீடு உட்லண்ட்ஸ், வேலை நொவீனா, வகுப்பு ஜூரோங்கில். வகுப்பு நேரத்தை மட்டும் கணக்குப் போட்டுவிட்டுச் சேர்ந்தேன். வகுப்பு முடிந்து ரயிலேறி வீட்டுக்கு வர இரவு பதினொன்றைத் தாண்டும் என்பதை, மறுநாள் காலை மகளுக்குப் பள்ளி இருக்கிறது என்பதை, ஒப்படைப்பு எழுதத் தனியாக ஒரு மாலை வேண்டும் என்பதை நான் எண்ணவே இல்லை. ஒரு பருவத்தோடு நின்றேன். ரொம்ப நாள் எனக்கு மன உறுதி இல்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இல் எழுதியதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வேலைக்கு எவ்வளவு காலமாகும் என்பதை மனிதர்கள் பெரும்பாலும் குறைத்தே கணிக்கிறார்கள், முன்பு தாமதமான அனுபவம் இருந்தாலும்கூட.

இரண்டாவது முறை பாடத்திட்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ரயில் வரைபடத்தைப் பார்த்தேன். வேலையிடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வகுப்பு கிடைத்தது. பாடம் முன்னதைவிடக் கொஞ்சம் சாதாரணம்தான். முடித்தேன்.

பணத்தைப் பொறுத்தவரை, 25 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூரர்களுக்கு 2016இலிருந்து ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற, படிப்புச் செலவுக்கு அரசாங்கம் உதவும் கணக்கில் 500 வெள்ளி கொடுக்கப்பட்டது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து கூடுதலாக 4,000 வெள்ளி, குறிப்பிட்ட படிப்புகளுக்குப் பயன்படுத்தலாம், காலாவதி கிடையாது. காலாவதி இல்லாததால் அவசரப்பட்டு எதிலாவது சேராதீர்கள். பயணத்தையும் வீட்டையும் முதலில் கணக்குப் போடுங்கள்.

என் குறிக்கோளை எல்லாரிடமும் சொல்லலாமா? முகநூலில் போடலாமா?

வீட்டில் சொல்லுங்கள். உங்கள் கூடவே நடக்கிறவரிடம், உங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவரிடம் சொல்லுங்கள். அறிவிப்பாகப் போடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. "வாழ்த்துகள்!" என்று நாற்பது பேர் எழுதியதும் ஏதோ சாதித்துவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது. கோல்விட்சர் குழு 2009இல் சட்ட மாணவர்களிடம் செய்த சோதனைகளிலும் அப்படித்தான் தெரிந்தது. தங்கள் நோக்கத்தை இன்னொருவர் கவனித்துவிட்டார் என்றானதும் அவர்கள் அதற்கு உழைத்தது குறைந்தது. உங்கள் குறிக்கோளால் யாருடைய அன்றாடம் கொஞ்சம் மாறுமோ அவரிடம் சொல்வதுதான் கணக்கு. அண்ணனின் விரதம் அண்ணியின் அடுக்களையை மாற்றியது போல.

மகள் இந்த வருடம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, எழுதுகிறாள். அவளுக்கு நான் இலக்கு வைக்கலாமா?

மொத்தம் இத்தனை புள்ளிக்குள் வர வேண்டும் என்று நீங்கள் வைத்தால் அது உங்கள் இலக்கு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைச் சுமக்கும், ஆனால் தன்னுடையது என்று நினைக்காது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் இருவரின் ஆராய்ச்சி சொல்வது இதுதான்: தானாகத் தேர்ந்தெடுத்தோம், நம்மால் முடிகிறது, நம்மவர்கள் கூட இருக்கிறார்கள் என்ற மூன்றும் இருக்கும்போதுதான் ஊக்கம் நிலைக்கிறது. எந்தப் பாடத்தை எந்தக் கிழமை எடுப்பது என்பதையாவது அவளே முடிவு செய்யட்டும். நீங்கள் அந்த நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், கையில் உங்கள் வேலையோடு.

சேமிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

சம்பளம் வருகிற அன்றே வேறு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஒரு முறை ஏற்பாடு செய்யுங்கள். அந்தக் கணக்கின் அட்டையைப் பணப்பையில் வைக்காதீர்கள். அதுவும் ஒரு மீன் சட்டிதான்.

எதிலும் ஈடுபாடே வரவில்லை. முன்பு பிடித்தவைகூடப் பிடிக்கவில்லை. இதற்கும் இதே வழிகளா?

இல்லை. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, பசி கெட்டு, பிடித்ததெல்லாம் சுவை இழந்துவிட்டால் அதைச் சோம்பல் என்று நீங்களும் சொல்லாதீர்கள், வீட்டில் இருப்பவர்களையும் சொல்ல விடாதீர்கள். மனச்சோர்வு ஒரு நோய், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் சொல்லலாம். 1771 என்ற எண்ணில் தேசிய மனநல உதவித் தொலைபேசி நாள் முழுக்க இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காமல் 1767ஐ அழையுங்கள். குறிக்கோள் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு குறிக்கோளைக் கைவிடுவது தோல்வியா?

எதற்காக வைத்தோமோ அந்தக் காரணமே போய்விட்டால் விடலாம். ஒரு மோசமான வாரத்தில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யோசித்து, அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால் நிம்மதியாக விடுங்கள்.

அடைந்த பிறகு பழையபடி ஆகிவிடுகிறதே?

இந்தக் கேள்வியைத்தான் ரொம்பக் குறைவாகக் கேட்கிறார்கள். அதிகமாகக் கேட்க வேண்டும்.

அண்ணன் 48 நாளும் சிகரெட்டைத் தொட மாட்டார். சிராங்கூன் சாலையில் சீனிவாசப் பெருமாள் கோயிலில் காவடியைத் தூக்கி, டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலில் இறக்கும்வரை அந்த நினைப்பே வராது என்பார். விரதம் முடித்ததும், மறுநாள் மாலையே புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒன்று. எட்டு வருடம் இப்படித்தான். 48 நாள் விடத் தெரிந்தவருக்கு 49ஆவது நாளுக்கு மட்டும் ஓர் ஏற்பாடும் இல்லை. மீன் சட்டி கீழே இறங்கும்போது எல்லாம் சேர்ந்து இறங்கிவிடும்.

ஒன்பதாவது வருடம் அண்ணி ஒன்று கேட்டார். விரத நாட்களில் விடிகாலையில் குளித்துவிட்டு இருவரும் கோயிலுக்கு நடந்து போவார்கள். "அந்த நடையை மட்டும் நிறுத்த வேண்டாம், கோயில் வரைக்கும் போகாவிட்டாலும் பரவாயில்லை" என்றார். தைப்பூசத்துக்கு மறுநாள் காலை தோள் வலியோடு அண்ணன் எழுந்து நடந்தார். அந்த வருடம் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி புகைத்தார். அடுத்த வருடம் ஆறு மாதம். பதினொன்றாவது வருடத்துக்குப் பிறகு முட்டி வலியால் காவடி எடுப்பதை நிறுத்திவிட்டார். சிகரெட்டும் அதோடு நின்றது. நடை மட்டும் இன்னும் நடக்கிறது. ஐந்தே முக்காலுக்கு அண்ணி முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்ட் பொத்தானை அழுத்தி வைப்பார், அண்ணன் கதவைப் பூட்டிக்கொண்டு வருவார்.